தழும்பைக் குறைக்க எந்த வழி: பிளாஸ்திரி, ஜெல், ஊசி, லேசர், கத்தி

என் வலது கெண்டைக்காலின் உட்பக்கத்தில், பழைய ஐந்து ரூபாய் நாணயத்தின் அளவில் ஒரு தழும்பு இருக்கிறது. பள்ளியில் படித்த காலத்தில் மாமாவின் பைக்கில் பின்னால் உட்கார்ந்து போய், வண்டி நின்றதும் அவசரமாக வலப்பக்கம் இறங்கியபோது சைலன்சர் பட்டதால் வந்தது. குழாயைத் திறந்து இருபது நிமிடம் தண்ணீரில் காட்டியிருக்க வேண்டிய புண்ணில் அன்றைக்குப் பற்பசையைத் தடவினார்கள். ஆறிய பிறகு பாட்டி சொன்ன தேங்காய் எண்ணெய், கல்லூரிக் காலத்தில் வைட்டமின் ஈ மாத்திரையை ஊசியால் குத்திப் பிழிந்த எண்ணெய், வேலைக்குப் போன பிறகு மருந்துக் கடைக்காரர் எடுத்துக் கொடுத்த விலையுயர்ந்த களிம்பு என்று பருவத்துக்கு ஒன்றாகத் தடவிப் பார்த்தேன். தழும்பு மங்கியது உண்மைதான். எதையும் தடவாமல் விட்டிருந்தாலும் அது இதே அளவுக்கு மங்கியிருக்கும் என்பது, என் தங்கையின் காதுக்காக ஒரு தோல் மருத்துவரிடம் ஒன்றரை ஆண்டு போய் வந்த பிறகுதான் எனக்குப் புரிந்தது.

தோலின் மேலடுக்கு மட்டும் சிராய்த்தால் தழும்பு விழுவதில்லை. அதற்குக் கீழுள்ள தடித்த அடுக்கு வரை காயம் இறங்கினால், உடல் அந்த இடைவெளியைக் கொலாஜன் என்னும் புரத நார்களால் அவசர அவசரமாக இட்டு நிரப்புகிறது. பழைய தோலில் இந்த நார்கள் கூடைப் பின்னல் போலக் குறுக்கும் நெடுக்குமாக ஓடும்; தழும்பிலோ ஒரே திசையில் நெருக்கமாகக் கிடக்கும். அங்கே மயிர்க்கால் கிடையாது, வியர்வைச் சுரப்பியும் கிடையாது. புண் மூடிய பிறகும் உள்ளே வேலை ஓய்வதில்லை. நார்களைக் கரைப்பதும் திரும்ப அடுக்குவதுமாக ஓராண்டு, சிலருக்கு ஒன்றரை அல்லது இரண்டு ஆண்டு வரை அது நடக்கிறது. அவ்வளவுக்குப் பிறகும் தழும்பின் வலிமை பழைய தோலின் வலிமையில் சுமார் 80 சதவீதத்தைத் தாண்டுவதில்லை. சிவந்து தடித்திருந்த தழும்பு இந்தக் காலத்தில் தானாகவே வெளுத்துப் படிகிறது. அந்த மாதங்களில் எதைத் தடவிக்கொண்டிருந்தோமோ அதற்குப் பெயர் போய்ச் சேர்கிறது. ஆகவே ஒரு களிம்பு 'எனக்குப் பலித்தது' என்று யாராவது சொன்னால், காயம் பட்டு எத்தனை மாதத்தில் தடவினீர்கள் என்று கேட்காமல் நம்புவதற்கில்லை.

எந்த வழி நல்லது என்று கேட்பதற்கு முன், தழும்பில் நம் கண்ணை உறுத்துவது எது என்று பார்த்துக்கொள்ள வேண்டும். நிறமா, மேடா, பள்ளமா, இழுப்பா? கண்ணை மூடிக்கொண்டு விரல் நுனியால் அதன் மேல் மெதுவாகத் தடவிப் பாருங்கள். விரலுக்கு எதுவுமே தட்டுப்படவில்லை என்றால் அது பெரும்பாலும் தழும்பே அல்ல, கறை. மேடாகத் தட்டினால் ஒரு வழி, குழியாகத் தட்டினால் முற்றிலும் வேறு வழி. பள்ளத்துக்குரிய சிகிச்சையை மேட்டுக்குச் செய்தால் மேடு இன்னும் வளரக்கூடும். மேட்டுக்குரிய ஊசியைப் பள்ளத்தில் போட்டால் பள்ளம் ஆழமாகும். கடைகளில் 'எல்லா வகைத் தழும்புக்கும்' என்று அச்சிட்ட பெட்டிகளை நான் சந்தேகத்தோடு பார்ப்பது இதனால்தான்.

கறையைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். பரு ஆறிய இடத்திலும் கொசுக்கடியைச் சொறிந்த இடத்திலும் விழும் கரும்புள்ளிகள், நம்மைப் போன்ற மாநிறத்தவருக்கும் கறுத்த தோலுக்கும் மிகச் சாதாரணம். இவை மாதக்கணக்கில் தானே மங்கும். அதை விரைவுபடுத்த அசலெயிக் அமிலம், ரெட்டினாய்டு போன்ற பூச்சுகள் உண்டு. ஆனால் பகலில் சன்ஸ்கிரீன் போடாமல் இரவில் மட்டும் களிம்பு தடவுவது, ஓட்டை வாளியில் தண்ணீர் இறைப்பதற்குச் சமம். நம் தோலில் புற ஊதாக் கதிர் மட்டுமல்லாமல் கண்ணுக்குத் தெரியும் ஒளியும் கறையை ஆழமாக்கும் என்பதால், எஸ்.பி.எஃப். 30-க்கு மேல், இரும்பு ஆக்சைடு கலந்து லேசாகத் தோல் நிறத்தில் இருக்கும் சன்ஸ்கிரீனே நல்ல தேர்வு. எலுமிச்சைச் சாற்றைத் தடவிக்கொண்டு வெயிலில் போனால் அதுவே புதிய தீக்காயத்தையும் புதிய கறையையும் உண்டாக்கும். அதைவிட மோசமானது, மருந்துக் கடையில் வாய்ச்சொல்லாகக் கேட்டு வாங்கும், ஸ்டீராய்டு கலந்த முகக் களிம்பு. முதல் இரண்டு வாரம் முகம் பளிச்சென்று ஆகும். பிறகு தோல் மெலிந்து, சிவந்து, ரோமம் முளைத்து, நிறுத்தினால் எரியும். இத்தகைய களிம்புகள் பலவற்றை மருத்துவர் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாது என்று இந்திய அரசு 2018-இல் விதியைக் கடுமையாக்கியது. விதி வேறு, கடை வழக்கம் வேறு என்பது நமக்குத் தெரிந்ததே.

அடுத்தது புதிய தழும்பு, அதாவது தையல் பிரித்துச் சில வாரமே ஆன அறுவைத் தழும்பு. தேர்வு செய்வதால் உண்மையிலேயே பலன் கிடைக்கக்கூடிய இடம் இதுதான், ஏனென்றால் இங்கே நாம் வரப்போகும் மேட்டைத் தடுக்கப் பார்க்கிறோம். நான்கு பொருள்கள் போட்டியில் இருக்கின்றன: வைட்டமின் ஈ எண்ணெய், வெங்காயச் சாறு கலந்த ஜெல், சிலிக்கோன், சாதாரணக் காகிதப் பிளாஸ்திரி.

வைட்டமின் ஈ முதலிலேயே விலகிவிடுகிறது. 1999-இல் வெளியான ஒரு சிறு ஆய்வில் ஒரே நோயாளியின் தழும்பில் ஒரு பாதிக்கு வைட்டமின் ஈ கலந்த களிம்பையும் மறு பாதிக்கு அது கலக்காத களிம்பையும் தடவச் செய்து ஒப்பிட்டார்கள். பெரும்பாலோருக்குப் பலன் இல்லை அல்லது தோற்றம் இன்னும் கெட்டது. மூன்றில் ஒருவருக்கு ஒவ்வாமைத் தடிப்பு வந்தது. 15 பேரை மட்டுமே கொண்ட ஆய்வு என்பதால் அதை வேதவாக்காகக் கொள்ள வேண்டியதில்லை. ஆனாலும், அரிப்பை விலை கொடுத்து வாங்குவானேன்? வெங்காயச் சாறு ஜெல் தீங்கு செய்வதில்லை. ஆனால் வெறும் பெட்ரோலியம் ஜெல்லியோடு ஒப்பிட்ட ஆய்வுகளில் அதைவிடத் தெளிவாக மேலானது என்று காட்ட முடியவில்லை. அதன் விலைக்கு எத்தனை டப்பா பெட்ரோலியம் ஜெல்லி வரும் என்று கணக்குப் பார்த்துக்கொள்ளலாம்.

சிலிக்கோனின் கதை வேறு. 1980-களின் தொடக்கத்தில் தீக்காயத் தழும்புகளில் பயன்படுத்தத் தொடங்கி, இன்று மேட்டுத் தழும்பைத் தடுக்க மருத்துவர்கள் முதலில் எழுதித் தருவது இதைத்தான். அது தோலுக்குள் ஊறிப்போகும் மருந்து அல்ல. தழும்பின் மேல் மூடியாக இருந்து ஈரம் ஆவியாவதைக் குறைக்கிறது. மேல்தோல் ஈரமாக இருந்தால், 'இன்னும் நார் தேவை' என்று கீழே போகும் சமிக்ஞை அடங்குகிறது என்பதே அதற்குச் சொல்லப்படும் விளக்கம். ஆய்வுகளின் தரம் உயர்வானதல்ல என்று 2013-இல், மருத்துவ ஆய்வுகளைத் திரட்டி எடைபோடும் காக்ரன் அமைப்பின் மதிப்பாய்வு வெளிப்படையாகச் சொல்லியிருப்பதையும் இங்கே குறிப்பிட வேண்டும். பலன் உண்டென்றாலும், நாளுக்கு 12 மணி நேரத்துக்குக் குறையாமல் இரண்டு மூன்று மாதம் தொடர்ந்து போட்டால்தான் உண்டு. காலையில் ஒருமுறை தடவிவிட்டு மறந்துபோகிறவருக்கு இல்லை.

சிலிக்கோனில் தாள், ஜெல் என்று இரண்டு உண்டு. ஆய்வுகளில் தாளுக்கே வரலாறு அதிகம். ஆனால் சென்னையின் மே மாதத்தில் அடிவயிற்றில் ஒரு சிலிக்கோன் தாள் எப்படி இருக்கும் என்பதை அண்ணி எங்களுக்குக் காட்டினார். சிசேரியன் தழும்பின் மேல் ஒட்டிய தாள் பதினோரு மணிக்கே வியர்வையில் ஓரம் சுருண்டு, புடவைக் கொசுவத்தில் மாட்டிக்கொண்டு வந்துவிடும்; அதைக் கழுவி, உலர்த்தி, பஞ்சு ஒட்டாமல் திரும்ப ஒட்டுவதற்குள் குழந்தை அழும். ஐந்தாம் நாள் தாளுக்கு அடியில் வேர்க்குரு வந்தது. அவர் ஜெல்லுக்கு மாறினார். ஜெல்லை மெல்லிய படலமாகத் தடவி நான்கைந்து நிமிடம் உலரவிட்டால் போதும். முகத்துக்கும் மூட்டுகளுக்கும் அதுவே வசதி. அதிகம் தடவினால் அதிகப் பலன் என்பது இல்லை, பிசுபிசுப்புதான் மிச்சம். குளிரூட்டிய அறையில் வேலை செய்கிறவருக்குத் தாள், வெயிலிலும் அடுப்படியிலும் நிற்கிறவருக்கு ஜெல் என்பது என் தீர்ப்பு.

காகிதப் பிளாஸ்திரியை யாரும் விளம்பரம் செய்வதில்லை. செய்து சம்பாதிக்க அதில் ஒன்றும் இல்லை. மருந்துக் கடைகளில் மைக்ரோபோர் என்று கேட்டால் கொடுக்கும் வெள்ளை நாடாவைத் தழும்பின் நீளத்துக்கு ஒட்டி, சில நாளுக்கு ஒருமுறை தானாக உரியும்போது மாற்றி, 12 வாரம் தொடர்வதே முறை. சிசேரியன் தழும்புகளில் இதைச் சோதித்து 2005-இல் வெளியான ஓர் ஆஸ்திரேலிய ஆய்வில், பிளாஸ்திரி ஒட்டியவர்களுக்கு மேடு எழுவது குறைந்தது. தையல் கோட்டை இரு பக்கமும் தோல் இழுப்பதே மேடு எழுவதற்குப் பெரிய தூண்டுதல். நாடா அந்த இழுப்பை ஏற்றுக்கொள்கிறது. சில பத்து ரூபாயில் முடிகிற இதை முயன்று பார்க்காமல் ஆயிரம் ரூபாய்க் குழாயை முதலில் வாங்குவது எனக்கு நியாயமாகப் படவில்லை. பிளாஸ்திரிக்குத் தோல் சிவந்து அரிக்கிறவர்கள் மட்டும் நேரே ஜெல்லுக்குப் போகலாம்.

இனி மேடு. இதில் இரண்டு வகை இருப்பதைப் பிரித்தறியாமல் எந்த ஒப்பீடும் பயன்படாது. காயத்தின் எல்லைக்குள்ளேயே தடித்து நிற்பது மேட்டுத் தழும்பு. அது மாதங்கள் போகப்போகத் தணியும் இயல்புடையது. எல்லையைத் தாண்டி, காயமே படாத நல்ல தோலின் மேலும் நண்டுக் கால் போலப் படர்வது கெலாய்டு. அந்தப் பெயரே நண்டின் கொடுக்கைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லிலிருந்து வந்தது. அது தானாகத் தணிவதில்லை. அரிக்கும், சிலருக்குக் குத்தும். நெஞ்சின் நடு எலும்புப் பகுதி, தோள், முதுகின் மேற்பகுதி, தாடை ஓரம், காது மடல் ஆகியவை அதற்குப் பிடித்த இடங்கள். கறுத்த தோலுடையவர்களுக்கும், பத்து முதல் முப்பது வயதுக்குள் இருப்பவர்களுக்கும், குடும்பத்தில் யாருக்காவது உள்ளவர்களுக்கும் அதிகமாக வருகிறது.

என் தங்கைக்கு வந்தது கெலாய்டு. பத்தொன்பது வயதில் இடது காதில் இரண்டாவது துளை குத்திக்கொண்டாள். ஆறு மாதத்தில் மடலின் பின்பக்கம் பட்டாணி அளவுக்குப் பளபளப்பான உருண்டை. ஒரு சிறு மருத்துவமனையில் 'பத்து நிமிட வேலை' என்று வெட்டி எடுத்துத் தைத்து அனுப்பினார்கள். ஓராண்டு முடிவதற்குள் பட்டாணி கொண்டைக்கடலை ஆனது. வெட்டுவது என்பது உடலுக்கு இன்னொரு காயம். கெலாய்டு வரும் தோலில் அந்தக் காயத்திலும் கெலாய்டுதான் வரும். வெட்டி மட்டும் விட்டால் திரும்ப வரும் வாய்ப்பு 45 முதல் 100 சதவீதம் என்று மருத்துவ நூல்கள் குறிக்கின்றன. இந்த ஓர் எண்ணை முன்பே யாராவது சொல்லியிருந்தால் அந்தப் பத்து நிமிட வேலைக்கு நாங்கள் ஒப்புக்கொண்டிருக்க மாட்டோம்.

ஸ்டீராய்டு ஊசியே கெலாய்டுக்கு முதல் வழி. டிரையம்சினோலோன் என்னும் மருந்தைக் கட்டியின் உள்ளேயே செலுத்துகிறார்கள். நான்கு முதல் ஆறு வாரத்துக்கு ஒருமுறை, பல தவணை. நான் பக்கத்தில் நின்று பார்த்தேன். முதல் தவணையில் மருத்துவரின் கட்டைவிரல் வெளுக்கும் அளவுக்கு அழுத்தியும் மருந்து எளிதில் இறங்கவில்லை, அத்தனை கெட்டி. இறங்கிய இடத்தில் கட்டி ஒரு கணம் வெள்ளையாகிப் பிறகு நிறம் திரும்பியது. தங்கை என் மணிக்கட்டைப் பிடித்த பிடியில் வலி எவ்வளவு என்று தெரிந்தது. மூன்றாம் தவணைக்குள் அரிப்பு நின்று கட்டி தொளதொளவென்று ஆகிவிட்டது. இதன் விலை, ரூபாயைத் தவிர, சுற்றியுள்ள தோல் வெளுப்பதும் மெலிவதும். மருந்து கட்டியைத் தாண்டிக் கீழே கசிந்தால் குழி விழுவதும் உண்டு. பிடிவாதமான கட்டிக்கு 5-ஃபுளுரோயுராசில் என்ற மருந்தையும் கலந்து போடுகிறார்கள். திரவ நைட்ரஜனால் உறையச் செய்யும் முறை சிறிய கட்டிக்கு நன்றாக வேலை செய்யும். ஆனால் நிறமிச் செல்கள் குளிரை அதிகம் தாங்காதவை என்பதால் நம் தோலில் நிலையான வெள்ளைத் திட்டு விழ வாய்ப்புண்டு. கறுப்புக் கட்டியைக் கொடுத்து வெள்ளைத் திட்டை வாங்குவது லாபமா என்பதை நோயாளிதான் சொல்ல வேண்டும்.

அப்படியானால் கத்திக்கு இடமே இல்லையா? உண்டு, துணையோடு வந்தால். காது மடலில் தொங்கும் பெரிய உருண்டை ஊசியால் மட்டும் கரையாது. வெட்டிய பின் ஊசியைத் தொடர்வது, ஓரிரு நாளுக்குள் கதிர்வீச்சுத் தொடங்குவது, அல்லது மடலை இரு பக்கமும் இறுக்கும் அழுத்தக் கம்மலை மாதக்கணக்கில் அணிவது ஆகியவற்றில் ஒன்றாவது சேர வேண்டும். கதிர்வீச்சு இவற்றில் வலிமையானது. ஆனால் சிறுவர்களுக்கும் கழுத்து, மார்பகம் ஒட்டிய இடங்களுக்கும் மருத்துவர்கள் தயங்குவது சரியே. காது மடல் பல முறைகளுக்கு இணங்கும். நெஞ்சின் நடுவில் உள்ள கெலாய்டு அப்படியல்ல. ஒவ்வொரு மூச்சிலும் தோல் இழுபடும் அந்த இடத்தில் வெட்டும் யோசனையை யார் சொன்னாலும் இரண்டாவது மருத்துவரைக் கேட்காமல் ஒப்புக்கொள்ள வேண்டாம்.

பள்ளத் தழும்புக்கு, அதாவது பருவும் அம்மையும் விட்டுப்போன குழிகளுக்கு, எந்தக் களிம்பும் எட்டாது. இதை எவ்வளவு அழுத்திச் சொன்னாலும் தகும். இங்கே தேர்வு முழுவதும் கருவிகளுக்கு இடையில்தான், அதுவும் புதிய பருக்கள் வருவது நின்ற பிறகுதான். ஊசி குத்தியது போல ஒடுக்கமாகவும் ஆழமாகவும் இறங்கும் குழிக்கு, டி.சி.ஏ. என்ற அமிலத்தின் அடர்கரைசலைக் குச்சி நுனியால் குழிக்குள் மட்டும் தொட்டு வைக்கும் முறை உண்டு. 2002-இல் கொரிய மருத்துவர்கள் விவரித்த இது, செலவில் லேசரைவிடக் குறைவு, இந்த வகைக் குழிக்குப் பலனில் குறைவில்லை. பக்கவாட்டில் விளக்கு வைத்தால் அலை அலையாகத் தெரியும் அகன்ற பள்ளம், அடியில் நார்கள் தோலைக் கீழே இழுத்துப் பிடிப்பதால் உண்டாவது. ஊசியை உள்ளே செலுத்தி அந்த நார்களை அறுத்துவிடும் 'சப்சிஷன்' தான் அதற்கு நேரான வழி. அதைச் செய்யாமல் மேலே லேசர் அடிப்பது, கட்டை அவிழ்க்காமல் துணிக்கு இஸ்திரி போடுவது போன்றது.

மைக்ரோநீட்லிங், ஃபிராக்ஷனல் கார்பன் டை ஆக்சைடு லேசர் ஆகிய இரண்டுக்கும் இடையில்தான் பலரும் தடுமாறுகிறார்கள். லேசர் ஒரு தவணையில் அதிக மாற்றம் தரக்கூடியது. ஆனால் அது வெப்பத்தால் வேலை செய்வது; மாநிறத் தோலில் வெப்பத்துக்குப் பின் வாரக்கணக்கில், சிலருக்கு மாதக்கணக்கில் முகம் கறுத்துத் தெரியும். மைக்ரோநீட்லிங்கில் வெப்பம் இல்லை. ஒன்றரை மில்லிமீட்டரோ அதற்கு மேலோ இறங்கும் நுண்ணூசிகளால் துளையிட்டுத் தோலைத் தானே நார் உற்பத்தி செய்யத் தூண்டுகிறார்கள். தவணை அதிகம் வேண்டும், மாற்றம் மெதுவாக வரும், கறுக்கும் அபாயம் குறைவு. நிறம் எளிதில் கறுக்கும் முகத்துக்கு, பரு ஆறினாலே ஆறு மாதம் கரும்புள்ளி நிற்கும் முகத்துக்கு, நான் மைக்ரோநீட்லிங்கையே முதலில் வைப்பேன். இணையத்தில் வாங்கும் வீட்டு டெர்மா ரோலரின் ஊசிகள் பெரும்பாலும் அரை மில்லிமீட்டரைத் தாண்டுவதில்லை. அவை பள்ளத்தின் அடியை எட்டாது, ஆனால் கிருமியை உள்ளே கொண்டுபோகத் தாராளமாகப் போதும். கெலாய்டு வரும் உடல்வாகு உள்ளவர்கள் இவற்றில் எதையும் தொடங்குமுன் அதை மருத்துவரிடம் சொல்லியே ஆக வேண்டும்.

தீக்காயத்துக்குப் பின் கழுத்தையோ முழங்கையையோ மடக்கிப் பிடித்துவிடும் இழுப்புத் தழும்பு, அழகு பற்றிய கேள்வியே அல்ல. சீக்கிரமே பயிற்சியும் அழுத்த உடையும் வேண்டும். இறுகிவிட்டால் தோலை இசட் வடிவில் வெட்டித் திருப்பித் தைப்பதோ, புதுத்தோல் ஒட்டுவதோதான் வழி. சென்னை கீழ்ப்பாக்கம், ஸ்டான்லி போன்ற அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் இதற்கான பிளாஸ்டிக் சர்ஜரித் துறைகள் உள்ளன. மருத்துவக் காப்பீட்டில் அழகு சிகிச்சைக்குப் பணம் கிடையாது என்று பொதுவாக எழுதியிருந்தாலும், விபத்து, தீக்காயம், புற்றுநோய் ஆகியவற்றுக்குப் பிந்தைய சீரமைப்பு அந்த விலக்கிலிருந்து விடுபட்டது. ஆகவே முதல் மறுப்புக் கடிதத்தோடு கோரிக்கையைக் கைவிட வேண்டாம்.

என் காலில் உள்ளது தட்டையான, பழைய, விரலுக்கு அகப்படாத தழும்பு. லேசர் அதை இன்னும் கொஞ்சம் மழுக்கலாம், சுற்றிலும் கறுக்கவும் வைக்கலாம். ஒன்றும் செய்வதில்லை என்பதே நான் எடுத்த முடிவு. தங்கையின் காதில் இப்போது ஓர் அரிசி அளவு மேடும் அதைச் சுற்றி லேசான வெளுப்பும் இருக்கின்றன. ஆண்டுக்கு ஒருமுறை காட்டி வருகிறாள். அவள் மகளுக்குப் பதின்மூன்று வயது, முதல் துளை கைக்குழந்தையாக இருந்தபோதே குத்தி எந்தச் சிக்கலும் இல்லாமல் ஆறியது. பதினோரு வயதுக்குப் பின் காது குத்திக்கொள்பவர்களுக்குக் கெலாய்டு அதிகம் வருவதாக 2005-இல் ஓர் ஆய்வு வந்திருக்கிறது என்று மருத்துவர் சொல்லியிருந்தார். இரண்டாவது துளை வேண்டும் என்று அவள் கேட்ட அன்று, தங்கை தன் கூந்தலை ஒதுக்கிக் காதின் பின்பக்கத்தைத் திருப்பிக் காட்டினாள். போன வாரம் இருவரும் போய், துளை போடாமல் மாட்டும் அழுத்துக் கம்மல் ஒரு ஜோடி வாங்கி வந்தார்கள்.